ஜெனரேட்டருக்குப் பேட்டரி லேபிள் ரீகால் வந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் புயல் காலத்துக்காகப் போர்ட்டபிள் ஜெனரேட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள், ரீகால் (குறையுள்ள பொருளை நிறுவனம் திரும்பப் பெறும் அல்லது சரிசெய்து தரும் அறிவிப்பு) என்றதும் பெட்ரோல் கசிவு, தீ, புகை என்றுதான் நினைப்பார்கள். அறிவிப்பைத் திறந்தால் சில சமயம் அப்படி எதுவும் இருக்காது. பட்டன் பேட்டரிக்கான எச்சரிக்கை வாசகம் இல்லை, கட்டாயப் பாதுகாப்புத் தரத்தை மீறுகிறது, விழுங்கினால் உயிருக்கு ஆபத்து என்று இரண்டு மூன்று வரிதான் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய இயந்திரத்தை யார் விழுங்கப் போகிறார்கள் என்று மின்னஞ்சலை மூடிவிடத் தோன்றும்.

மூட வேண்டாம். அந்த அறிவிப்பு பேசுவது இயந்திரத்தைப் பற்றியே அல்ல, அதோடு கூடவே வந்த சின்ன ரிமோட்டைப் பற்றி. தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்யும் வசதியுள்ள ஜெனரேட்டர்களோடு சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு ரிமோட் தருவார்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் காசு அளவிலான ஒரு லித்தியம் பேட்டரி. பல வீடுகளில் அந்த ரிமோட் எங்கே கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: சமையலறை இழுப்பறை, வாசலில் சாவி மாட்டும் கொக்கி, அல்லது ஜெனரேட்டரின் கைப்பிடியிலேயே. இந்த மூன்றும் இரண்டு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் இடங்கள்.

முதலில் அவசர நிலை

இந்தப் பகுதியை மட்டும் இப்போதே படித்துவிடுங்கள்.

குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், உறுதி செய்துகொள்ளக் காத்திருக்கக் கூடாது. உடனே எக்ஸ்ரே வசதியுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் பேட்டரி விழுங்கியதற்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் தொலைபேசி எண் இருக்கிறது: 800-498-8666. விஷ முறிவு உதவி எண் 800-222-1222. வண்டியில் போய்க்கொண்டே கூப்பிடலாம்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, பால், தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். தேனுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, எச்சிலை விழுங்க முடிகிற நிலையிலும் இருந்தால், 10 மி.லி. தேன் (இரண்டு தேக்கரண்டி) பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம் என்பது அங்குள்ள விஷ முறிவு மையங்களின் வழிகாட்டுதல். தேன் பேட்டரியின் மேல் படலமாகப் படிந்து புண்ணாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வீட்டில் தேன் இல்லையென்றால் கடைக்கு ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

அந்த ரிமோட்டையும், அதே வகைப் பேட்டரி வேறு இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேட்டரியின் மேல் உள்ள எண்ணே மருத்துவருக்கு அளவைச் சொல்லிவிடும். சிஆர்2032 என்றால் முதல் இரண்டு இலக்கம் குறுக்களவு, அதாவது 20 மி.மீ.; அடுத்த இரண்டு இலக்கம் தடிமன், 3.2 மி.மீ. எக்ஸ்ரேயில் பேட்டரியும் நாணயமும் ஒன்றுபோலத் தெரியும். பேட்டரியாக இருந்தால் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும். 'காசு விழுங்கியிருப்பான், தானாக வந்துவிடும்' என்று வீட்டில் யாராவது சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். அங்கே சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பதற்றம்?

பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் ரசாயனம் கசிவதால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கசிவே இல்லாமலும் புண்ணாகும். 20 மி.மீ. அகலமுள்ள பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும். ஈரமான சதை அதன் இரண்டு முனைகளையும் இணைத்துவிடுவதால் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். மைனஸ் முனைப் பக்கத்தில் உள்ள நீர் பிரிந்து கடும் காரம் உருவாகும். வடிகால் அடைப்பை எடுக்க ஊற்றும் காஸ்டிக் சோடா செய்கிற வேலையை அந்தக் காரம் சதையில் செய்கிறது. இரண்டு மணி நேரத்தில் கடுமையான புண் ஏற்பட்டுவிடலாம். பேட்டரியை எடுத்த பிறகும் அரிப்பு தொடர்ந்து, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக்குழாய் ஓட்டையாகி உயிர் போனதும் உண்டு.

தீர்ந்துபோன பேட்டரிதானே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. புதிய சிஆர்2032 மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ரிமோட் வேலை செய்யாத அளவுக்கு இறங்கிய பின்னும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருப்பது சாதாரணம். புண்ணாக்குவதற்கு 1.2 வோல்ட்டே போதும். ரிமோட்டுக்குச் செத்த பேட்டரி தொண்டைக்குச் சாகவில்லை.

அறிகுறிகளும் ஏமாற்றும். எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல், வாந்தி என்று சாதாரணச் சளிக் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். சில குழந்தைகளிடம் ஒன்றுமே தெரியாது.

2020 டிசம்பரில் டெக்சாஸில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு ரிமோட்டின் பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2022 ஆகஸ்ட் 16 அன்று ரீஸ் சட்டம் கையெழுத்தானது. இன்று ஜெனரேட்டர் ரிமோட்டுக்கு ரீகால் வருவது இந்தச் சட்டத்தால்தான். ஆஸ்திரேலியா இதற்குக் கொஞ்சம் முன்னதாகவே, 2022 ஜூன் 22 முதல், பட்டன் பேட்டரிகளுக்குக் கட்டாயத் தரம் கொண்டுவந்திருந்தது. அங்கே இருக்கும் வாசகர்களுக்குச் சட்டமும் அலுவலகமும் வேறு. ரிமோட்டைக் கையாளும் முறை மட்டும் இங்கே சொல்வதுதான்.

சட்டம் என்ன கேட்கிறது

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் (சுருக்கமாக சி.பி.எஸ்.சி.) இந்தச் சட்டத்துக்கான விதியாக யு.எல். 4200ஏ என்ற தரத்தை எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபர் 23 முதல் விதி அமலுக்கு வந்தது. ஆனால் 2024 மார்ச் 19 வரை தயாரிப்பாளர்களுக்கு விட்டுப்பிடித்தார்கள். அதன் பிறகு தயாரான, அல்லது இறக்குமதியான பொருட்களில் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும்.

ஒன்று, பேட்டரி அறை. அதைத் திறக்க ஸ்குரூ டிரைவரோ நாணயமோ போன்ற ஒரு கருவி வேண்டும். இல்லையென்றால் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி அசைவுகள் செய்தால்தான் திறக்கும்படி இருக்க வேண்டும். கீழே விழுந்தாலும், இழுத்தாலும், நசுக்கினாலும் பேட்டரி வெளியே வரக் கூடாது.

இரண்டு, எச்சரிக்கை. பெட்டியின் மேலும், கையேட்டிலும், இடம் இருந்தால் பொருளின் மேலும் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும். உள்ளே பட்டன் பேட்டரி இருக்கிறது, விழுங்கினால் மரணமோ கடுமையான காயமோ ஏற்படலாம், இரண்டே மணி நேரத்தில் உள்ளுக்குள் வெந்துவிடலாம், புதியதையும் பழையதையும் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், சந்தேகம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள் என்பதுதான் அதன் சாரம்.

லேபிள் மட்டும் குறையா, அறையும் குறையா என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பது இருக்கிறது. லேபிள் மட்டும் இல்லையென்றால் ரிமோட் தன்னளவில் உறுதியாகவே இருக்கலாம். அறையும் விதியை மீறியிருந்தால், அந்த ரிமோட்டை இன்றைக்கே குழந்தைகள் இருக்கும் இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். அறிவிப்பின் அபாயப் பகுதியை இந்தக் கண்ணோட்டத்தோடு படியுங்கள்.

படி 1: இயந்திரத்தின் எண்களை எடுங்கள்

ரீகால் என்பது ஒரு பிராண்டு முழுவதற்கும் வருவதில்லை. குறிப்பிட்ட மாடல்கள், சில சமயம் குறிப்பிட்ட சீரியல் எண் வரிசை, குறிப்பிட்ட தயாரிப்புத் தேதிகள் என்றுதான் வரும். அதனால் ஜெனரேட்டரின் விவரத் தகட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் இயந்திரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தின் குறுக்குக் கம்பியிலோ, மின்சாரம் உருவாகும் பகுதியின் மூடியிலோ, பெட்டி வடிவ இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் பின்புறத்திலோ அடிப்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். மாடல் எண், சீரியல் எண், தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது: எஞ்சின் மேலேயே தனியாக ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது எஞ்சினின் சீரியல் எண். அதை ரீகால் பக்கத்தில் போட்டால் 'உங்கள் பொருள் இதில் இல்லை' என்று வந்துவிடும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். தகட்டில் உள்ள எண்ணைத்தான் போட வேண்டும்.

மாடல் எண்ணின் கடைசியில் வரும் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். இரட்டை எரிபொருள், கலிபோர்னியா விதிக்கு உட்பட்டது, கார்பன் மோனாக்சைடு உணர்வி உள்ளது என்பதையெல்லாம் அந்த எழுத்துகள்தான் குறிக்கும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று ரீகாலில் இருந்து மற்றது இல்லாமல் போகலாம். பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும், எட்டையும் 'பி' எழுத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத் தகட்டைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறுவனம் பின்னால் கேட்கப்போவதும் இதே படத்தைத்தான்.

படி 2: அறிவிப்பை மூலத்தில் படியுங்கள்

வந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், சி.பி.எஸ்.சி. இணையதளத்தின் ரீகால் பக்கத்துக்கு நீங்களே போய்ப் பிராண்டு பெயரைத் தேடுங்கள். எல்லா அறிவிப்பும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். ரீகால் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அரசின் நிதியாண்டு. அது அக்டோபரில் தொடங்கும், அதனால் நவம்பரில் வரும் அறிவிப்பில் அடுத்த ஆண்டு எண் இருந்தால் குழம்ப வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டிய பகுதிகள் இவை:

அபாயம்: லேபிளா, அறையா, இரண்டுமா என்பது இங்கேதான் இருக்கும்.

பரிகாரம்: பழுது பார்ப்பது, மாற்றித் தருவது, பணம் திருப்பித் தருவது ஆகிய மூன்றில் ஒன்று. லேபிள் ரீகாலில் ஜெனரேட்டரையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பரிகாரம் பெரும்பாலும் ரிமோட்டோடும் காகிதத்தோடும் நின்றுவிடும்: ஒட்டிக்கொள்ள லேபிள், திருத்திய கையேடு, அல்லது புதிய ரிமோட்.

விற்ற இடமும் காலமும்: எந்தக் கடையில், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன விலைக்கு என்று இருக்கும். ரசீது தொலைந்திருந்தாலும் இதை வைத்து உங்களுடையது அதில் வருமா என்று ஓரளவு கணிக்கலாம்.

சம்பவங்கள்: லேபிள் ரீகாலில் இங்கே 'எதுவும் பதிவாகவில்லை' என்று இருந்தால், 'யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பிறகென்ன' என்று தோன்றும். விதியை மீறியதே ரீகாலுக்குப் போதுமான காரணம்; காயம் ஏற்படும்வரை ஆணையம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. 2021 ஜூலையில் ஜெனராக் நிறுவனம் 6500, 8000 வாட் போர்ட்டபிள் ஜெனரேட்டர்கள் சுமார் 3,21,000-ஐ ரீகால் செய்தது. பூட்டாத கைப்பிடி விரலை நசுக்கியதால் அப்போதே ஏழு பேர் விரல் இழந்திருந்தார்கள். அப்படிப்பட்ட ரீகாலில் இயந்திரத்தைத் தொடுவதையே நிறுத்த வேண்டும். லேபிள் ரீகாலில் ஜெனரேட்டரை ஓட்டலாம், ரிமோட்டைத்தான் ஒதுக்க வேண்டும். 'ரீகால்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் வருவதால், தலைப்பை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரிமோட் ஸ்டார்ட் ஜெனரேட்டரில் இரண்டு பேட்டரி உண்டு. சட்டகத்தில் பொருத்திய 12 வோல்ட் ஸ்டார்ட்டர் பேட்டரி ஒன்று, ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி ஒன்று. ரீஸ் சட்டத்தின் பெயரில் வரும் ரீகால் இரண்டாவதைப் பற்றியது. தபாலில் வந்த லேபிளை 12 வோல்ட் பேட்டரியின் மேல் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

படி 3: ரிமோட்டைச் சோதியுங்கள்

மேசையில் வெளிச்சத்துக்குக் கீழே வைத்து, குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது பாருங்கள்.

பின்பக்கம் திருப்பினால் ஸ்குரூ இருக்கிறதா? இருந்தால் கழற்றிப் பாருங்கள். முழுக்கத் தளர்த்திய பிறகும் மூடியோடு ஒட்டிக்கொண்டே நிற்கும் ஸ்குரூ நல்லது. கையோடு தனியாகக் கழன்று வந்தால், ஒருநாள் அது தொலைந்துபோகும், மூடி ஸ்குரூ இல்லாமலே மூடிக் கிடக்கும். ஸ்குரூவே இல்லாமல், சாவிக்கொத்து வளையத்துக்குப் பக்கத்தில் உள்ள பிளவில் நகத்தைக் கொடுத்தால் இரண்டாகப் பிரிகிற ரிமோட்டுகளும் உண்டு. பேட்டரியைச் சின்னத் தட்டில் வைத்து ஓரமாக உள்ளே தள்ளும் வகையும் உண்டு. அந்தத் தட்டை ஒரே ஒரு விரலால் இழுக்க முடிந்தால் அது சரியில்லை.

மூடியைப் பூட்டிய நிலையில் இரண்டு கட்டைவிரலால் விளிம்பை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். இடைவெளி விரிந்து உள்ளே வெள்ளி விளிம்பு தெரிந்தால் அறை உறுதியாக இல்லை. கீழே போட்டோ, பல்லால் கடித்தோ சோதிக்கத் தேவையில்லை. அதெல்லாம் சோதனைக்கூடத்தின் வேலை.

உள்ளே இருப்பது என்ன பேட்டரி என்று எண்ணைப் பாருங்கள். சிஆர்2032, சிஆர்2025, சிஆர்2016 எல்லாமே 20 மி.மீ. அகலம்தான், தடிமன்தான் மாறும். சில ரிமோட்டுகளில் 27ஏ என்ற உருளை வடிவ 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அகலத்தைவிட நீளம் அதிகம் என்பதால் அது இந்தச் சட்டத்தின் பட்டன் பேட்டரி வரையறைக்குள் வராது. ஆனால் அதன் உலோக உறையைப் பிரித்தால் உள்ளே சின்னச் சின்ன பட்டன் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். சட்டத்தில் வராவிட்டாலும் குழந்தையிடம் கொடுக்கத் தகுந்ததல்ல.

பெட்டியையும் ஒரு முறை துழாவுங்கள். ரிமோட்டோடு கூடுதலாக ஒரு பேட்டரியைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, கையேட்டுப் பொட்டலத்துக்குள் செருகி வைத்திருக்கலாம். ரிமோட்டைப் பத்திரப்படுத்திவிட்டு இதை மறந்துபோவது சகஜம்.

2024 மார்ச் 19-க்கு முன்பே தயாராகி, இறக்குமதியும் ஆகிவிட்ட இயந்திரம் என்றால் லேபிள் இல்லாததற்காகப் பெரும்பாலும் ரீகால் வந்திருக்காது. அந்தத் தேதி வரை ஆணையம் இந்த விதியை வற்புறுத்தவில்லை. பேட்டரி என்னவோ அதேதான். அதனால் இந்தப் படியையும் அடுத்த படியையும் ரீகால் இல்லாத பழைய ரிமோட்டுக்கும் செய்துவிடுங்கள்.

படி 4: பரிகாரம் வரும்வரை

ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள். கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் மூடும்படி மின்கம்பி சுற்றும் டேப்பையோ சாதாரண செலோ டேப்பையோ சுற்றி ஒட்டுங்கள். இப்படிச் செய்தால் மற்றப் பேட்டரியோடு உரசிச் சூடாவது நிற்கும். டேப் சுற்றிய பேட்டரியும் குழந்தைக்கு ஆபத்துதான், எட்டாத உயரத்தில், பூட்டு உள்ள இடத்தில் வையுங்கள்.

ரிமோட்டைத் தூக்கி எறியாதீர்கள். 'பழையதைப் படம் எடுத்து அனுப்புங்கள்', 'வெட்டி அழித்ததற்குச் சான்று காட்டுங்கள்' என்று பரிகாரத்தில் கேட்கலாம். அறிவிப்பு சொல்லும்வரை ரிமோட் வெறுங்கூடாக உங்களிடமே இருக்கட்டும்.

கரண்ட் போனால் என்ன செய்வது? ரிமோட் இல்லாவிட்டாலும் இயந்திரத்தின் முகப்பில் உள்ள ஸ்டார்ட் பொத்தான் வேலை செய்யும். 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் இழுகயிறு இருக்கிறது. ரீகால் வந்துவிட்டதே என்று புயல் நேரத்தில் இருட்டில் உட்கார வேண்டியதில்லை.

ரிமோட்டைப் பற்றி அறிவிப்பில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பேட்டரி சுவிட்ச் ஆன் நிலையில், பெட்ரோல் வால்வும் திறந்த நிலையில், கேரேஜுக்குள் ஜெனரேட்டர் நிற்கிறது என்று வையுங்கள். குழந்தை ரிமோட் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் அங்கேயே, மூடிய இடத்துக்குள் ஓடத் தொடங்கிவிடலாம். போர்ட்டபிள் ஜெனரேட்டர்களின் கார்பன் மோனாக்சைடு புகையால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 85 பேர் இறப்பதாக சி.பி.எஸ்.சி. சொல்லிவந்திருக்கிறது. எங்களைக் கேட்டால் ஜெனரேட்டர் வீட்டில் முதல் எதிரி அந்தப் புகைதான், பட்டன் பேட்டரி அதற்கு அடுத்துத்தான். ஓட்டாதபோது பேட்டரி சுவிட்சை அணைத்து எரிபொருள் வால்வை மூடி வையுங்கள். சுவிட்சை அணைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: ரிமோட் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் பகுதி ஸ்டார்ட்டர் பேட்டரியைச் சிறுகச் சிறுக உறிஞ்சிவிடும். ஓட்டும்போது வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியில், புகைபோக்கி வீட்டைப் பார்க்காதபடி.

படி 5: நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள்

அறிவிப்பில் கொடுத்திருக்கும் இலவச எண்ணிலோ இணையப் பக்கத்திலோ பதிவு செய்யலாம். மாடல் எண், சீரியல் எண், உங்கள் முகவரி, தகட்டின் படம், சில சமயம் ரிமோட்டின் படம் கேட்பார்கள். ரசீது இருந்தால் நல்லது, ஆனால் பரிசாக வந்த இயந்திரத்துக்கும் இரண்டாம் கையாக வாங்கிய இயந்திரத்துக்கும்கூடப் பரிகாரம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ரீகால் பொருளோடு போவது, உத்தரவாதத்தைப் போல முதல் வாங்கியவரோடு நின்றுவிடுவதல்ல.

பரிகாரம் இலவசம். தபால் செலவு, 'செயலாக்கக் கட்டணம்' என்று கிரெடிட் கார்டு எண் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவு எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். வாரக்கணக்கில் பதில் இல்லையென்றால் சி.பி.எஸ்.சி.யின் உதவி எண் 800-638-2772. ரிமோட் மூடி தானாகத் திறந்தது போன்ற சம்பவம் நடந்திருந்தால், ஆணையத்தின் சேஃபர் புராடக்ட்ஸ் தளத்தில் நீங்களே புகார் பதியலாம். ரீகாலில் இல்லாத மாடலாக இருந்தாலும் பதியலாம்.

படி 6: வந்ததைப் பொருத்துங்கள்

லேபிள் மட்டும் வந்தால்: ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுக்க உலரவிட்டு, அறை வெப்பத்தில் ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெட்ரோல் எண்ணெய் பட்ட கையோடு கேரேஜில் நின்று ஒட்டினால் ஒரு மாதத்தில் ஓரம் எழும்பிவிடும். ஸ்குரூவையோ மூடியின் இணைப்புக் கோட்டையோ மறைக்காமல் ஒட்டுங்கள். கையேட்டுக்கான தாள் வந்தால் பழைய கையேட்டோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள்.

புதிய ரிமோட் வந்தால் அதை ஜெனரேட்டரோடு இணைக்க வேண்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும், கூட வரும் தாளைப் பாருங்கள். இணைத்த பிறகு பழைய ரிமோட்டில் பேட்டரி போட்டு அழுத்திப் பாருங்கள், இயந்திரம் இன்னும் கீழ்ப்படிகிறதா என்று. கீழ்ப்படிந்தால் பழையதன் நினைவை அழிக்கும் முறையை நிறுவனத்திடம் கேளுங்கள். இந்தச் சோதனையை இயந்திரம் வெளியில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பேட்டரி போடும்போது கூட்டல் குறி உள்ள பக்கம் பெரும்பாலும் மேல்நோக்கி இருக்கும். மூடி ஸ்குரூவைக் கடைசியில் அரைச் சுற்றுக்கு மேல் முறுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் மரை தேய்ந்துபோனால் மூடி நிற்காது, அப்புறம் லேபிள் இருந்தும் பயனில்லை. புதிய பேட்டரி போட்டும் ரிமோட் வேலை செய்யவில்லையா? குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிடும்படி கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் வருகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடுமுனையை மறித்துவிடும். பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கசப்பை நம்பி உயரத்தில் வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், துப்புவதற்குள் விழுங்கிவிடும் குழந்தைகளும் உண்டு.

வீட்டில் ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி இருந்தால் ஆங்கில லேபிளால் அவர்களுக்கு என்ன பயன்? ஒரு வெள்ளை டேப்பில் 'உள்ளே பட்டன் பேட்டரி. பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்' என்று தமிழில் எழுதி ரிமோட்டில் ஒட்டுங்கள். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தக் கைக்குக் கிடைத்த ரிமோட்டைக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். காது கேட்கும் கருவியின் துத்தநாகக் காற்றுப் பேட்டரிகளுக்கு ஆணையம் இந்த விதியிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அதனால் தாத்தாவின் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் அந்தக் குட்டிப் பேட்டரிகளில் இதே எச்சரிக்கை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவற்றையும் எடுத்து மேலே வையுங்கள்.

பழையதை விற்பதும் அப்புறப்படுத்துவதும்

கழற்றிய பேட்டரிகளைக் குப்பையில் போட வேண்டாம். டேப் சுற்றியபடியே ஊர் நிர்வாகத்தின் அபாயக் கழிவு மையத்திலோ, பழைய பேட்டரிகளைச் சேகரிக்கக் கடைகளில் வைத்திருக்கும் பெட்டியிலோ சேர்த்துவிடுங்கள். கலிபோர்னியாவில் வீட்டுப் பேட்டரிகளைக் குப்பையில் போடுவதே சட்டப்படி கூடாது.

ஊர் மாறும்போது ஜெனரேட்டரை இணையத்திலோ கேரேஜ் சேலிலோ தள்ளிவிட்டுப் போவது வழக்கம். ரீகால் ஆன பொருளைப் பரிகாரம் செய்யாமல் விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். லேபிள் ரீகாலுக்கும் இது பொருந்தும். விற்கும் முன் பரிகாரத்தை முடியுங்கள், பதிவு எண்ணை வாங்குபவரிடம் கொடுங்கள். நீங்கள் இரண்டாம் கையாக வாங்குபவராக இருந்தால், பணம் கொடுக்கும் முன் தகட்டைப் படம் எடுத்து அங்கேயே நின்று ரீகால் பக்கத்தில் தேடுங்கள்; ரிமோட் எத்தனை தந்தார்கள், இப்போது எத்தனை கையில் வருகிறது என்றும் கேளுங்கள்.